பெட்டரிக்கு முன்னால் ஒரு பல்ப்

நுவரெலியாவில் ரேடியோ, டீவி திருத்துகிற கடை வைத்திருக்கிறேன். போன வருடம் அண்ணன் மகன் நான்கு மோட்டரையும் ஈ.எஸ்.பி. 32 என்கிற ஒரு சின்னக் கணினி போர்டையும் கொண்டுவந்து மேசையில் பரப்பினான். "சித்தப்பா, ட்ரோனுக்கு ஃப்ளைட் கொன்ட்ரோலர் நாமே செய்வோமா?" என்றான். ட்ரோனைச் சாயாமல் பறக்க வைக்கிற மூளை அது. சரி என்றேன். கோட் எழுதுவது அவன், வயர் வேலை நான். அந்த வயர் வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ட்ரோனுக்குப் போடுகிற லைப்போ (லித்தியம் பொலிமர்) பெட்டரியை நேரே செருகாதீர்கள். த்ரீவீலுக்குப் போடுகிற 12 வோல்ட், 21 வாட் பிரேக் பல்ப் ஒன்றை பெட்டரியின் சிவப்பு வயரில் தொடராக இணையுங்கள். செருகியதும் பல்ப் ஒருமுறை மின்னி அணைந்தால், ஈ.எஸ்.சி.களில் (மோட்டர் வேகத்தைக் கட்டுப்படுத்தும் போர்டுகளில்) உள்ள கெப்பாசிட்டர்கள் நிரம்பிவிட்டன, பயமில்லை. அணையாமல் பளிச்சென்று எரிந்தால் எங்கோ ஷோர்ட். எங்கள் பல்ப் முதல் தடவை எரிந்துகொண்டே இருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பவர் போர்டில் ப்ளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவே மயிரிழை போல ஈயம் ஓடியிருந்தது. ஊசியால் சுரண்டி எடுத்த பிறகுதான் பல்ப் அணைந்தது. பல்ப் இல்லாமல் செருகியிருந்தால் அந்த இடமே கருகியிருக்கும். இந்தச் சோதனை முடியும்வரை ப்ரொப்பெல்லர்களைக் கழற்றியே வைத்திருங்கள்.

அடுத்தது 5 வோல்ட். ஒவ்வொரு ஈ.எஸ்.சி.யிலிருந்தும் கொன்ட்ரோலருக்கு வரும் மூன்று வயரில் சிவப்பு 5 வோல்ட் தரும். நான்கு சிவப்பையும் ஒன்றாகச் சேர்த்தால் உள்ளே இருக்கும் ரெகுலேட்டர்கள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். ஒன்றை மட்டும் விட்டு, மற்ற மூன்றையும் கனெக்டரின் பிளாஸ்டிக் நாக்கை ஊசியால் தூக்கி உருவி, நுனியில் ஸ்லீவ் போடுங்கள். அந்த ஒன்றும் லீனியர் வகை (மிச்ச வோல்ட்டை வெப்பமாக விடுகிற வகை) என்றால் நன்றாகச் சுடும்: நிரம்பிய பெட்டரியின் 12.6 வோல்ட்டை 5 ஆக்கி அரை அம்பியர் கொடுத்தால் 3.8 வாட் வெப்பமாகவே போகிறது. அதனால் நான் நான்கையும் உருவிவிட்டு, தனியாக அவ்வளவு சுடாத ஸ்விட்சிங் ரெகுலேட்டர் ஒன்றைப் போட்டேன். சிவப்பை உருவினாலும் கறுப்பை உருவக் கூடாது. எல்லா கிரவுண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். பெட்டரி வயர் வந்து சேரும் இடத்தில் 35 வோல்ட், 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைக் கால் குட்டையாக வெட்டி ஈயம் வையுங்கள். அது இல்லாதபோது த்ரொட்டிலை ஏற்றினால் கைரோ (ட்ரோன் சுழல்வதை அளக்கும் சென்சர்) தரும் எண்கள் துள்ளின. பையன் இரண்டு இரவு கோடில் பிழை தேடினான். பிழை கரண்டில் இருந்தது.

கைரோவுக்கு எம்.பி.யூ. 6050 போதும். பழைய சில்லுதான், ஆனால் மலிவு, படிக்கவும் எளிது. அது வரும் ஜி.வை. 521 போர்டில் 3.3 வோல்ட் ரெகுலேட்டர் உண்டு என்பதால் 5 வோல்ட் கொடுக்கலாம். எதற்கும் எஸ்.டி.ஏ. என்கிற தரவுக் கால் 3.3 வோல்ட் காட்டுகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டே ஈ.எஸ்.பி.யில் இணையுங்கள். சென்சரையும் ஈ.எஸ்.பி.யையும் இணைக்கும் ஐ டூ சி வயர்கள் 10 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும், மோட்டர் வயரோடு சேர்த்துக் கட்ட வேண்டாம். போர்டை நடுமையத்தில், மெல்லிய ஃபோம் டேப் மேல் ஒட்டுங்கள். அப்புறம், நம் ஊர்க் குளிர். வீட்டுச் சூட்டிலிருந்து பனிக்குள் கொண்டுபோனதும் கைரோவின் பூச்சியம் நகர்ந்துவிடும். வெளியே பவர் போட்டு இரண்டு நிமிடம் அசையாமல் வைத்து, பிறகு கலிப்ரேட் செய்யுங்கள், அதாவது பூச்சியத்தைப் புதிதாக எடுங்கள்.

திசைகாட்டியை இப்போதைக்கு விட்டுவிடலாம். வாங்கினால், ஹெச்.எம்.சி. 5883 என்று அச்சடித்த போர்டில் க்யூ.எம்.சி. 5883 சில்லு இருப்பது வழக்கம். முகவரியும் வேறு, ரெஜிஸ்டரும் வேறு, ஒன்றுக்கு எழுதிய கோட் மற்றதற்கு ஓடாது.

காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்கிற பாரோமீட்டர் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். நாங்கள் போட்ட பி.எம்.பி. 280 பாரோமீட்டருக்கு வெளிச்சமும் காற்றும் ஆகாது, அதன் ஓட்டையில் பனித்துளி உட்கார்ந்தாலும் கணக்கு கெடும். கறுப்பு ஸ்பொஞ்சால் மூடுங்கள். கடற்கரையில் அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் 8.3 மீட்டர் உயரம் என்றால், 1868 மீட்டரில் இருக்கும் நுவரெலியாவில் அது ஏறக்குறைய 10 மீட்டர். அதனால் நிலத்தில் எடுத்த அழுத்தத்தையே தொடக்கமாக வைத்துக் கணக்கிடுங்கள். இங்கே காற்றும் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு மெல்லியது. அதே வேகத்தில் சுற்றும் ப்ரொப்பெல்லர் அந்த அளவுக்குக் குறைவாகத்தான் தூக்கும். மோட்டரை அதற்கேற்பக் கொஞ்சம் பெரிதாகவே எடுங்கள்.

ஆனால் பாரோமீட்டருக்கு மலைச்சரிவு தெரியாது. கிளம்பிய இடத்திலிருந்து 5 மீட்டர் உயரம் என்று பிடித்து வைத்தோம். ட்ரோன் சரிவை நோக்கிப் போனது, நிலம் எழும்பி வந்தது, தேயிலைச் செடிக்குள் போய் நின்றது. இரண்டு ப்ரொப்பெல்லர் உடைந்தன. கீழே பார்க்கிற தூர சென்சர் ஒன்று வேண்டும் என்று அன்றுதான் புரிந்தது. வி.எல். 53 எல்.1எக்ஸ் லேசர் சென்சர் 4 மீட்டர்வரை அளக்கும், உச்சி வெயிலில் அதைவிடக் குறையும். காலை, மாலையில் இரண்டு மீட்டர் உயரத்தில் பிடித்துப் பறக்க அது எங்களுக்குப் போதுமாக இருக்கிறது.

சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் பதிவு விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். கொழுந்து எடுக்க ஆட்கள் நிற்கிற மலையில் நாங்கள் ஏற்றுவதே இல்லை. அன்று சரிவில் யாரும் இருக்கவில்லை. அடுத்த நாள் வேலைக்குப் போன அக்கா ஒருவர், செடிக்குள் கிடந்த உடைந்த துண்டைக் கூடையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். விளிம்பைத் தொட்டுப் பார்த்தேன், கத்தி மாதிரி இருந்தது.