மனநல வார்டுக்கு ஃபண்ட் கலெக்ட் பண்ணப் போறீங்களா? இதைப் பாத்துட்டு இறங்குங்க

கேன்சர், குழந்தைக்கு ஹார்ட் ஆபரேஷன்னு சொல்லிக் கேட்டா கையில இருக்கறதக் குடுத்துடுவாங்க, அதே ஆளுங்ககிட்ட மனநோயாளிங்களுக்குன்னு கேட்டுப் பாருங்க, "அதெல்லாம் கவர்மென்ட் பாத்துக்கும்ல"ன்னு நழுவுவாங்க. கவர்மென்ட் பாத்துக்கற லட்சணம் என்னன்னா, ஹெல்த் பட்ஜெட்ல நாடுங்க மனநலத்துக்கு ஒதுக்கறது உலக அளவுல 2 சதவீதம் பக்கம்தான், உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்கு இது. அதனால தாராளமா கேக்கலாம், கூச்சமே வேணாம்.

போஸ்டர் டிசைன் பண்றதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரிக்கோ பராமரிப்பு இல்லத்துக்கோ நேர்ல போங்க. பெரிய டாக்டரப் பாருங்க, அனுமதி அவர்தான் தரணும், ஆனா என்ன வேணும்ங்கறத வார்டு நர்ஸுங்ககிட்டயும் அங்க தங்கி குணமாகி வீட்டுக்குப் போனவங்ககிட்டயும் கேளுங்க. நீங்க டிவி வாங்கித் தரலாம்னு நெனச்சிட்டுப் போயிருப்பீங்க, அவங்க கேக்கறது பாத்ரூமுக்கு ஒழுங்கான கதவு, தேதி தெரிய ஒரு காலண்டர், அவங்கவங்க துணிய அவங்கவங்களே வெச்சுக்க சின்ன அலமாரி. எல்லார் துணியும் ஒண்ணா துவைச்சு எது கைக்கு வருதோ அத மாட்டிக்கோன்னு குடுத்தா எந்த மனுஷனுக்கு மனசு தேறும்?

பொருளா குடுக்கறதா இருந்தா இன்னும் உஷாரா இருக்கணும். கயிறு கோத்த பேன்ட், கயிறு வெச்ச ஜாக்கெட், கண்ணாடி போட்ட போட்டோ ஃபிரேம், கம்பிச் சுருள் போட்ட நோட்டு, நீள சார்ஜர் வயர், பிளாஸ்டிக் பை, இதுல எதையுமே நிறைய வார்டுல உள்ள விடமாட்டாங்க, தன்னையே காயப்படுத்திக்கற நெலமையில யாராவது இருப்பாங்கங்கறதால. வாங்கறதுக்கு முன்னாடி லிஸ்ட்ட நர்ஸ்கிட்ட ஒருதடவை காட்டிடுங்க, இல்லன்னா மூட்டை மூட்டையா ஸ்டோர் ரூம்லயே கெடக்கும்.

என்னைக் கேட்டா பணம் ரொம்ப உருப்படியா செலவாகற எடம் டிஸ்சார்ஜுக்கு அப்புறம்தான். மனநிலை ரொம்ப ஏறி இறங்கற நோய்க்குத் தர்ற லித்தியம் மாத்திரை சாப்பிடறவங்களுக்கு ரத்தத்துல மருந்து எவ்ளோ இருக்கு, கிட்னி, தைராய்டு எப்படி இருக்குன்னு அப்பப்போ டெஸ்ட் பண்ணணும், மனச்சிதைவு நோய்க்குத் தர்ற க்ளோசபின் மாத்திரைன்னா ரத்தத்துல வெள்ளை அணு எண்ணிக்கைய ஆரம்பத்துல வாராவாரம் பாக்கற நாடுங்க நெறைய. டெஸ்ட்டுக்குக் காசு இல்ல, வந்து போக பஸ்ஸுக்குக் காசு இல்லன்னு மாத்திரைய நிறுத்திட்டு மறுபடி மோசமாகி அட்மிட் ஆகறவங்க எத்தன பேர்! ஆனா இத சொல்லி யாரும் ஃபண்ட் கேக்கறதில்ல, போட்டோவுக்கு அழகா இருக்காதுல்ல.

கேக்கறப்போ "மனநோயாளிகள் வாழ்வில் ஒளியேற்றுவோம்"னு போட்டா லைக் வரும், பணம் வராது. "20 பேருக்கு 6 மாசத்துக்கு ரத்த டெஸ்ட், போக்குவரத்து, மொத்தம் இவ்ளோ ஆகும், ஒருத்தருக்கு ஒரு மாசத்துக்கு இவ்ளோ"ன்னு பிரிச்சுப் போடுங்க. மாசாமாசம் சின்ன தொகை தர்றவங்களப் புடிக்கப் பாருங்க, ஒரே தடவையா வர்ற பெரிய தொகைய விட அதுதான் மாத்திரைக்கும் டெஸ்ட்டுக்கும் சரிப்பட்டு வரும். அக்டோபர் 10 உலக மனநல தினம், 1992லேர்ந்து நடக்குது, அன்னைக்கு எல்லாருமே கேப்பாங்க, நீங்க ஒரு மாசம் முன்னாடியே ஆரம்பிச்சுடுங்க.

போட்டோ விஷயத்துல மட்டும் நான் கறார். நோயாளி முகம் வேணாம், முதுகுப் பக்கம் எடுத்துப் போடறதும் வேணாம், தெரிஞ்சவங்க அடையாளம் கண்டுபுடிச்சுடுவாங்க. நோய் முத்தியிருக்கறப்போ ஒருத்தர் சரின்னு தலையாட்டினத சம்மதம்னு எடுத்துக்க முடியாது, அவர் குணமாகி வேலை தேடறப்பவும் அந்தப் படம் நெட்ல இருக்கும். தேறி வந்தவங்க தானா முன்வந்து பேசறேன்னா பேசட்டும், எழுதினத அவங்ககிட்ட காட்டிட்டுப் போடுங்க, நாளைக்கே எடுத்துடுங்கன்னு சொன்னா மறுபேச்சில்லாம எடுத்துடுங்க. "குடும்பத்தோட வந்து என் கையால குடுத்து ஒரு போட்டோ எடுத்துக்கறேன்"னு டோனர் ஒருத்தர் கண்டிப்பா வருவார், பதிலுக்கு அலமாரி படத்தையும் பில்லையும் அனுப்பி வைங்க, ஒத்துக்கலன்னா அந்தப் பணம் வேணாம்னு சொல்லிடலாம், ஒண்ணும் குடி முழுகிடாது.

கணக்கு வழக்கு: சொந்த அக்கவுண்ட்ல ஒரு பைசா வாங்காதீங்க. பதிவு பண்ண டிரஸ்டோ ஆஸ்பத்திரியோட நோயாளிகள் நல நிதியோ இருந்தா அதுலயே போடச் சொல்லுங்க, எடுக்கறதுக்கு ரெண்டு பேர் கையெழுத்து, தர்ற ஒவ்வொருத்தருக்கும் ரசீது. பொது வசூலுக்கும் வெளிநாட்டுப் பணத்துக்கும் தனி அனுமதி கேக்கற நாடுங்க உண்டு, உங்க ஊர் சட்டத்த விசாரிச்சுக்கோங்க. கிரவுட் ஃபண்டிங் சைட்னா கமிஷன் எவ்ளோன்னு மொதல்லயே பாத்து அதையும் சேர்த்து டார்கெட் வைங்க. டார்கெட்ட தாண்டி பணம் வந்தா எங்க போகும்ங்கறதயும் முதல் போஸ்ட்லயே எழுதிடுங்க, பணம் வந்த பெறகு சொன்னா அதுக்கு ஒரு சண்டை தனியா வரும்.