எதிர் வீட்டு நாய் தெருவில் திரிந்தால்

எதிர் வீட்டு மணி நல்ல நாய்தான். ஆனால் சைக்கிளைக் கண்டால் விடாமல் துரத்தும். என் பேரன் டியூஷனுக்குச் சுற்றுவழியில் போக ஆரம்பித்த பிறகுதான் நான் வாயைத் திறந்தேன்.

கோபம் ஆறிய பிறகு நேரில் பேசுங்கள். நாய் வெளியே வரும் நேரத்தை ஒரு வாரம் காலண்டர் தாளில் குறித்து வைத்திருந்தேன். "தம்பி, காலையில் ஆறரைக்கும் ஏழரைக்கும் நடுவில்தான் இப்படி. அந்த ஒரு மணி நேரம் கட்டிவைக்க முடியுமா?" என்று கேட்டேன். இருவரும் போய்ப் பார்த்தால், கேட்டின் கொண்டி தேய்ந்து கிடந்தது. மணி மூக்கால் தள்ளினாலே திறந்துகொள்ளும்! கொண்டியை மாற்றியதும் பாதித் தொல்லை தீர்ந்தது. அப்படியே வெறிநோய்த் தடுப்பூசி அட்டையையும் கேட்டுப் பார்த்தேன். நீங்களும் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

துரத்தினால் ஓடக்கூடாது. சைக்கிளிலிருந்து இறங்கி, அதை நடுவில் வைத்துக்கொண்டு மெதுவாக விலகுங்கள். கல்லெறிவது, விஷம் வைப்பது வேண்டவே வேண்டாம். அந்த வாயில்லா ஜீவன் என்ன செய்யும்? அப்படிச் செய்வது சட்டப்படியும் குற்றம்.

கடித்துவிட்டால், சிறு கீறல் என்றாலும், குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் தடவாதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட ஆரம்பித்து, ஒரு தவணையும் விடாமல் முடியுங்கள்.

எவ்வளவு பேசியும் கேட்கவில்லையா? போட்டோவுடன் நகராட்சியிலோ காவல் நிலையத்திலோ எழுதிக் கொடுங்கள். வளர்ப்புப் பிராணியால் ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளாதவருக்கு, பாரதிய நியாய சன்ஹிதா என்ற இப்போதைய தண்டனைச் சட்டத்தின் 291-ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. எங்களுக்கு அதுவரை போகவில்லை. மணி இப்போது சங்கிலியோடுதான் வெளியே வருகிறது.