பிரவுன் லிப் லைனருக்கு லிப்ஸ்டிக் எடுக்கும்போது நடக்கிற பிழைகள்

உதட்டோரம் கீறுகிற வார்ம் பிரவுன் (செம்மஞ்சள் ஓடுகிற பிரவுன்) லைனர் ஒன்று கையில் இருந்தால் எந்த லிப்ஸ்டிக்கையும் அதற்குள் போட்டுவிடலாம் என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் இப்போது கலியாண வீட்டுக்குப் போனாலும் சாமத்திய வீட்டுக்குப் போனாலும் பிரவுன் லைனர் போட்ட உதடுகளைத்தான் பார்க்கிறோம். எங்கள் தோலுக்கு அது நன்றாகவே பொருந்தும். ஆனால் லைனர் சரியாக இருந்தும் உதடு வடிவாக வரவில்லை என்றால், பிழை பெரும்பாலும் உள்ளே போட்ட லிப்ஸ்டிக்கில் இருக்கும். மணப்பெண்களுக்கு மேக்கப் போடுகிற வேலையில் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறவற்றை இங்கே எழுதுகிறேன்.

பிரவுன் என்று பொதுவாகச் சொன்னாலும் அதற்குள் பல பிரவுன் இருக்கிறது. மேக்கப் பொருட்களில் இந்த நிறம் பெரும்பாலும் சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய மூன்று இரும்பு ஒக்சைட்டுகளைக் கலந்து எடுக்கப்படுகிறது. பெட்டியின் பின்பக்கத்தில் 77491, 77492, 77499 என்று அச்சடித்திருப்பவை அவைதான். சிவப்பும் மஞ்சளும் தூக்கலாக இருந்தால் அது வார்ம். பனங்கட்டியை உடைத்து வெயிலில் பிடித்தால் மெல்லிய ஓரத்தில் ஒரு செம்மஞ்சள் தெரியுமே, அந்தச் சாயல். மஞ்சள் குறைந்து கறுப்போ ஊதாவோ ஏறினால் சாம்பல் ஓடின கூல் பிரவுன் ஆகிவிடும். பெட்டியைப் படித்து இதைக் கண்டுபிடிக்க ஏலாது. அந்தப் பட்டியல் பல இடங்களில் அந்த வரிசையில் உள்ள எல்லா நிறங்களுக்கும் பொதுவாகப் போடப்படுவது. வெள்ளைத் தாளில் லைனரைக் கீறி, விரலால் மெல்லிதாகத் தேயுங்கள். தேய்ந்து மங்குகிற ஓரத்தில் செம்மஞ்சள் தெரிந்தால் வார்ம். ஊதாவோ சாம்பலோ தெரிந்தால் கூல். லிப்ஸ்டிக்கையும் அதே தாளில் பக்கத்திலேயே தேய்த்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

அடிநிறத்தை, அதாவது வார்மா கூலா என்பதை, பார்க்காமல் எடுப்பதுதான் முதல் பிழை. நீலம் கலந்த ரோஸ், மோவ் என்கிற வெளிறிய ஊதா, நீலச் சிவப்பு இவையெல்லாம் தனியாகப் போட்டால் அழகானவை. செம்மஞ்சள் ஓடுகிற பிரவுன் லைனருக்குள் போட்டால், இரண்டும் சந்திக்கிற ஓரத்தில் ஒன்றையொன்று அடித்து மங்கிவிடும். தேத்தண்ணி குடித்துவிட்டு வாய் துடைக்காத மாதிரி ஒரு அழுக்குக் கரை அங்கே நிற்கும். சிவப்பு என்றால் எல்லாம் ஒரே சிவப்பு என்று நினைக்கக் கூடாது. மேக் கம்பனியின் ‘ரூபி வூ’வும் ‘சில்லி’யும் பலருக்குத் தெரிந்த சிவப்புகள். ரூபி வூ நீலம் ஓடுகிற சிவப்பு. சில்லி செங்கல் பக்கம் சாய்கிற செம்மஞ்சள் சிவப்பு. வார்ம் பிரவுன் லைனருக்குள் சில்லி அப்படியே கரைந்து போகும். ரூபி வூவைப் போட்டால் கோடு தனியாக, சிவப்பு தனியாகத்தான் நிற்கும். அந்தக் கம்பனியின் பொருளே வேண்டும் என்று இல்லை. அந்த இரண்டு சிவப்புக்கும் உள்ள வித்தியாசம் கண்ணில் பதிந்துவிட்டால் எந்தக் கடையிலும், எந்த விலையிலும் சரியானதை எடுக்கலாம். செங்கல் நிறம், கறுவாப்பட்டை நிறம், தக்காளிச் சிவப்பு, பிரவுன் கலந்த ரோஸ், பிரவுன் ஓடுகிற அரக்கு இவை எல்லாம் வார்ம் லைனரோடு சண்டை பிடிக்காதவை. நீலச் சிவப்புத்தான் உங்களுக்கு உயிர் என்றால் அதைப் போடுங்கள், லைனரை மட்டும் மாற்றிவிடுங்கள்.

அடுத்தது நியூட், அதாவது தோல் நிறத்தோடு ஒட்டிப்போகிற லிப்ஸ்டிக். இங்கே நடக்கிற மிகப் பெரிய பிழை இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நியூட் என்று பெயர் போட்டு விற்கிற லிப்ஸ்டிக்குகளில் பல, வெள்ளைத் தோலை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. நிறத்தை வெளிறச் செய்ய டைட்டேனியம் டயொக்சைட் என்ற வெள்ளைத் தூளைச் சேர்ப்பார்கள். பெட்டியில் 77891 என்று இருப்பது அது. எங்கள் உதட்டில் இயற்கையாகவே நிறம் கூட. அதன் மேல் இந்த வெளிறிய நிறத்தைப் போட்டால் சோக்குத்தூள் பூசின மாதிரி சாம்பல் படர்ந்துவிடும். அதைச் சுற்றிப் பிரவுன் கோடும் இருந்தால் உதடு ஒரு வளையத்துக்குள் மாட்டின மாதிரித்தான் தெரியும்.

கொக்குவிலில் ஒரு கலியாண வீட்டில் முன்கூட்டியே மேக்கப் போட்டுப் பார்த்த நாள். பிள்ளை தனக்குப் பிடித்த வெளிறிய நியூட்டைத் தானே கொண்டு வந்திருந்தார், அதையே போட்டோம். தேத்தண்ணி கொண்டு வந்த தாய் வாசலிலேயே நின்றுவிட்டார். “என்ன பிள்ளை, உதட்டைச் சுத்திக் கறுப்புக் கோடு கீறி வச்சிருக்கிறியள்?”

“அம்மா, இதுதான் இப்ப ஸ்டைல்.”

தாய் கண்டது உண்மைதான், ஆனால் குற்றம் கோட்டில் இல்லை. லைனரில் கை வைக்காமல் நியூட்டை மட்டும் ஒற்றி எடுத்துவிட்டு, பிரவுன் கலந்த ரோஸ் ஒன்றைப் போட்டேன். அதே கோடு காணாமல் போய்விட்டது. தாய் கிட்ட வந்து பார்த்துவிட்டு, “இப்ப வடிவு” என்றார். உள்ளே இருப்பது எவ்வளவு வெளிறுகிறதோ அவ்வளவுக்கு வெளியே இருப்பது கறுப்பாகத் தெரியும். லைனர் கடுமையாக இருக்கிறது என்று சொல்லி இன்னும் வெளிறிய லைனர் தேடி அலைகிறவர்கள் முதலில் லிப்ஸ்டிக்கைத்தான் மாற்றிப் பார்க்க வேண்டும்.

நியூட் எடுக்கும்போது முகத்தின் நிறத்தைவிட வெளிறியது வேண்டாம். உங்கள் கீழ் உதட்டின் நிறத்துக்கும் லைனரின் நிறத்துக்கும் இடையில் விழுகிற ஒன்றைத் தேடுங்கள். பொது நிறம் உள்ளவர்களுக்குக் கரமல், கறுவா, பிரவுன் ரோஸ் நன்றாக வரும். கறுத்த பிள்ளைகளுக்குச் சிவப்பு ஓடுகிற சொக்லேற் நிறமும் ஆழ்ந்த செங்கல் நிறமும் அப்படி ஒரு களை தரும். கறுப்பாக இருந்தால் லிப்ஸ்டிக் எடுபடாது என்று இன்னமும் சொந்தக்காரர் சிலர் பிள்ளைகளின் முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். தயவுசெய்து அதை நம்பாதீர்கள். வார்ம் பிரவுன் லைனர் மிக இயல்பாக உட்காருவதே அந்தத் தோலில்தான். வெள்ளையாக இருப்பவர்களுக்கு லைனர் சட்டென்று கடுமையாகத் தெரிந்துவிடும், அவர்கள்தான் பீச் கலந்த பிரவுன் மாதிரி மெல்லியவற்றோடு கவனமாகப் போக வேண்டும்.

கனடாவில் இருந்தோ லண்டனில் இருந்தோ மாமி, சித்தி கொண்டு வந்து தந்த லிப்ஸ்டிக் பல வீடுகளில் பெட்டியோடு கிடக்கிறது. அன்பாகத் தந்தது, ஆனால் நிறம் வெளிறியது. அதை எறிய வேண்டாம். உதடு முழுவதையும் பிரவுன் லைனராலேயே மெல்லிதாக நிரப்பிவிட்டு, கீழ் உதட்டின் நடுவில் மட்டும் அந்த வெளிறிய நிறத்தை விரலால் ஒரு தொட்டு வைத்து ஒற்றுங்கள். தனியாகப் போட ஏலாத பல நிறங்கள் இப்படிப் பாவனைக்கு வந்துவிடும்.

கடையில் பார்க்கிற விதத்திலும் பிழை இருக்கிறது. எல்லாரும் புறங்கையில் கீறிப் பார்க்கிறார்கள். சைக்கிளிலும் ஸ்கூட்டியிலும் வெயில் குடிக்கிற எங்கள் கை, முகத்தைவிடக் கறுத்திருக்கும். உதட்டின் நிறத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. விரல் நுனியின் உட்பக்கம் உதட்டுக்குக் கொஞ்சம் கிட்டவாக இருக்கும். முதலில் லைனரை அங்கே தேய்த்து, அதன் மேல் பாதிக்கு லிப்ஸ்டிக்கைப் பூசிப் பாருங்கள். கடையில் பூசிப் பார்க்க வைத்திருக்கிற, பலர் தொட்ட டெஸ்டரை நேரே உதட்டில் வைக்க வேண்டாம், உதட்டுக் கொப்புளம் தருகிற ஹெர்பீஸ் கிருமி அப்படியும் தொற்றலாம். பிறகு கடை வாசலுக்கு வாருங்கள். நவீன சந்தைக்குள் ஆகட்டும், கஸ்தூரியார் வீதிக் கடைகளில் ஆகட்டும், உள்ளே எரிகிற வெள்ளை விளக்கில் வார்ம் நிறங்கள் செத்துப்போய், கூல் நிறங்கள் பளிச்சென்று நிற்கும். விளக்கை நம்பி ரோஸ் எடுத்துவிட்டு வீட்டில் வந்து ஏமாறுவது இதனால்தான்.

வாங்க முதல் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பதும் நல்லது. 45380, 45410 என்ற எண்கள் உள்ள ஈயோசின் வகைச் சாயங்கள் சில லிப்ஸ்டிக்குகளில் இருக்கும். அவை தோலில் பட்ட பிறகு நிறம் மாறி ரோஸாக ஊறும். டியூப்பில் செம்மஞ்சளாக இருந்தது அரை மணித்தியாலத்தில் உதட்டில் ரோஸாக நிற்பதற்குக் காரணம் அதுதான். விரலில் பூசிக்கொண்டு மற்ற வேலைகளைப் பார்த்துவிட்டு வந்து, துடைத்துப் பாருங்கள். கடும் ரோஸ் கறை மிஞ்சினால் அந்த லிப்ஸ்டிக் பிரவுன் லைனரோடு நாள் முழுக்க ஒத்துப் போகாது.

எங்களில் பலருக்கு மேல் உதடு கறுப்பு, கீழ் உதடு ரோஸ். ஒரே லிப்ஸ்டிக் இரண்டிலும் இரண்டு நிறமாகத்தான் வரும். அதை மறைக்க நினைத்துத் தடிப்பாகப் பூசிப் பூசிக் கடைசியில் உதடு வெடித்த சுவர் மாதிரி ஆகிவிடுகிறது. லைனரைக் கீழ் உதட்டில் கூடுதலாகவும் மேல் உதட்டில் ஓரத்துக்கு மட்டும் பட்டும் படாமலும் நிரப்பினால் இரண்டும் ஒரு நிறத்துக்கு வரும். பிறகு லிப்ஸ்டிக் மெல்லிதாகப் போதும்.

மற்றது, லிப்ஸ்டிக்கின் தன்மை. வைகாசி தொடங்கிச் சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் உதடு தானாகவே காய்ந்து வெடிக்கும். நல்லூர்த் திருவிழா வருவதும் அந்தக் காலத்தில்தான். அப்போது மினுக்கமே இல்லாத முழு மேட் லிப்ஸ்டிக் போட்டால் ஒவ்வொரு வெடிப்பிலும் பிரவுன் ஏறி நிற்கும். பளபளவென்று மினுங்குகிற கிளொஸ் போட்டால் வேறு சிக்கல். லைனர் நிற்பது அதில் உள்ள மெழுகால். கிளொஸின் எண்ணெய் அந்த மெழுகை இளக்கிக் கோட்டை வெளியே இழுத்துவிடும். நான் பெரும்பாலும் மெல்லிய மினுக்கம் உள்ள சாட்டின், இல்லாவிட்டால் கிரீம் வகையைத்தான் எடுக்கச் சொல்வேன். பத்து நிமிடத்துக்கு முன் லிப் பாம் பூசி, லைனர் போட முன் அதை ஒற்றி எடுத்துவிட வேண்டும்.

கலியாணப் பெண்ணுக்கு வருவோம். சேலைத் துண்டைக் கொண்டு போய் அதே நிறத்தில் லிப்ஸ்டிக் தேடுகிற பழக்கம் எங்கள் ஊரில் நிறைய. அரக்குக் கூறைச் சேலைக்கு அரக்கு, ரோஸ் சேலைக்கு ரோஸ் என்று போனால், பிரவுன் லைனர் யாரோடு சேருவது என்று தெரியாமல் நடுவில் நிற்கும். அதிலும் எங்கள் கலியாணத்தில் பெண் ஒரு சேலையோடு மணவறைக்கு வந்து, கூறை வாங்கிப் போய் மாற்றிக்கொண்டு வந்துதான் தாலி கட்டு. முதல் சேலை பொன்னிறமோ பால் நிறமோ ஆக இருக்கும், கூறை பெரும்பாலும் சிவப்புப் பக்கம். ஒரு லிப்ஸ்டிக் இரண்டுக்கும் சரிவராது. முழுவதையும் துடைத்துப் போட நேரமும் இல்லை, வெளியே ஐயர் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்.

வார்ம் பிரவுன் லைனரின் அருமை தெரிவது இந்த இடத்தில்தான். தொடக்கத்தில் உதடு முழுக்க லைனரை நிரப்பி, மேலே பிரவுன் ரோஸ் அல்லது கறுவா நிறத்தை மெல்லிதாகப் போட்டு விடுங்கள், முதல் சேலைக்கு அது அடக்கமாக இருக்கும். கூறை மாற்றுகிற நேரம் ஒரு டிஷ்யூவால் ஒற்றிவிட்டு, அதே அடித்தளத்தின் மேல் செங்கல் சிவப்போ தக்காளிச் சிவப்போ போட்டால் போதும். லைனர் மாறவில்லை, உதட்டின் வடிவமும் மாறவில்லை, படங்களில் முதல் சேலை முகமும் கூறை முகமும் ஒரே ஆளாகத்தான் தெரியும். இரண்டு லிப்ஸ்டிக்கும் வார்மாக இருந்தால்தான் இது சரிவரும் என்பதால் அவற்றை ஒன்றாகவே, அந்த லைனரையும் கையில் வைத்துக்கொண்டு வாங்குங்கள். தோழியின் கைப்பையில் லைனரும் இரண்டாவது லிப்ஸ்டிக்கும் இருக்கட்டும். காரில் விட வேண்டாம், எங்கள் வெயிலுக்கு உருகி வியர்த்துவிடும்.

சாப்பாட்டுக்குப் பிறகு மேலே மேலே பூசுவதும் ஒரு பிழை. கறி எண்ணெயில் உட்பக்கத்து நிறம் போய், வெளிக்கோடு மட்டும் மிஞ்சியிருக்கும். முதலில் வாயின் உட்பக்கத்து ஈரத்தையும் எண்ணெயையும் ஒற்றி எடுங்கள். நிறம் போன இடத்தில் மட்டும் லைனரைத் தேய்த்து, அதன் மேல் லிப்ஸ்டிக்கை விரலால் தட்டி வையுங்கள். மிஞ்சிய வெளிக்கோட்டில் கை வைக்க வேண்டாம்.