லைட் அணைந்த பிறகும் ஓடட்டும்: பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு டைமர் வைப்பது எப்படி

குளிக்கும்போது எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுவதைவிட, குளித்துவிட்டு வெளியே வந்த பிறகு ஓடுவதுதான் முக்கியம். சுவரிலும் தரையிலும் நிற்கும் ஈரம் அப்போதுதான் காயத் தொடங்கும். நம் வீடுகளில் நடப்பது தலைகீழ். லைட்டோடு சேர்த்து ஃபேனையும் அணைத்து, கதவையும் சாத்திவிட்டுப் போய்விடுகிறோம். கொஞ்ச நாளில் மேல்மூலையில் கறுப்புப் புள்ளி விழும். உடனே பெயின்ட்காரரைத் தேடுவோம்.

நான் தாம்பரம், குரோம்பேட்டை பக்கம் வயரிங் வேலை பார்ப்பவன். "ஃபேன் சரியா இழுக்கல, மாத்திக் குடுங்க" என்று கூப்பிடும் வீடுகளில் பல நேரம் ஃபேன் நன்றாகத்தான் இருக்கும். அதை எப்போது ஓடவிடுகிறார்கள் என்பதில்தான் கோளாறு.

டைமருக்குக் காசு போடும் முன் காற்று வரும் வழியைப் பாருங்கள். வென்டிலேட்டரின் ஒரு பாதியில் ஃபேனை மாட்டிவிட்டு, மறுபாதியில் கண்ணாடிப் பட்டைகளை அப்படியே திறந்து விட்டிருப்பார்கள். ஃபேன் அந்தப் பட்டை வழியாகவே வெளிக்காற்றை இழுத்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். ஷவர் பக்கத்து ஆவி இருந்த இடத்திலேயே இருக்கும். பட்டைகளை மூடுங்கள். கதவின் அடியில் அரை அங்குலமாவது இடைவெளி வேண்டும். ஃபேனை ஓடவிட்டுக் கதவைச் சாத்தி, வெளியே நின்று அந்த இடுக்கில் ஒரு பேப்பர் துண்டை நீட்டுங்கள். உள்பக்கம் இழுபட்டால் வழி சரி. இழுபடாவிட்டால் எந்த டைமரும் உதவாது.

எவ்வளவு நேரம் ஓட வேண்டும்? 5 அடிக்கு 8 அடி, 9 அடி உயரம் உள்ள பாத்ரூம் என்றால் 360 கன அடி, அதாவது சுமார் 10 கன மீட்டர். 6 இன்ச் ஃபேன் ஒன்றின் அட்டையில் மணிக்கு 200 கன மீட்டர் என்று போட்டிருப்பதாக வையுங்கள். வலை, ஷட்டர், தூசி எல்லாம் போக அதில் பாதிதான் தேறும் என்றாலும், 6 நிமிடத்தில் அறைக் காற்று ஒரு தடவை மாறிவிடும். ஆனால் டைல்ஸ் இடுக்கும் ஈரத் துண்டும் அதற்குள் காயாது. இங்கிலாந்தில் ஜன்னல் இல்லாத பாத்ரூமுக்கு லைட் அணைந்த பிறகு 15 நிமிடம் ஃபேன் ஓட வேண்டும் என்பது கட்டட வழிகாட்டுதல். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு நான் 20 வைப்பேன்.

லைட் ஸ்விட்சிலேயே ஃபேனையும் இணைப்பது மலிவான வழி. அதில் இரண்டு தொல்லை. லைட் அணைந்தால் ஃபேனும் நிற்கும். அர்த்த ராத்திரியில் லைட் போட்டால் ஃபேனும் கத்தும். ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் வீட்டில் இப்படித்தான் இருந்தது. "தம்பி, ராத்திரி ரெண்டு மணிக்கு நான் எழுந்தா வீடே எழுந்துடுது" என்றார்.

இதற்கு, தாமதமாக ஓடத் தொடங்கும் ஆன் டிலே, தாமதமாக நிற்கும் ஆஃப் டிலே இரண்டும் உள்ள டைமர் வேண்டும். கடையில் ஆஃப் டிலே மட்டும் உள்ளதைக் கையில் கொடுத்துவிடுவார்கள், கேட்டு வாங்குங்கள். ஆன் டிலேயை 3 நிமிடத்தில் வையுங்கள். லைட் போட்டு 3 நிமிடம் தாண்டினால்தான் ஃபேன் ஓடும். அதற்குள் வெளியே வந்துவிட்டால் ஓடவே ஓடாது. குளித்து முடித்து லைட்டை அணைத்ததும் 20 நிமிடம் எண்ணத் தொடங்கும், பிறகு தானே நிற்கும். சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் 12 வோல்ட் திறந்த சர்க்யூட் போர்டு இந்த இடத்துக்கு வேண்டாம். 240 வோல்ட்டில் நேரடியாக ஓடும், மூடிய உறையுள்ள, உள்ளே ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) உள்ள டைமராக இருக்கட்டும்.

வயரிங்கில் விஷயம் இதுதான். ஃபேன் பாயின்டுக்கு நம் வீடுகளில் ஸ்விட்சிலிருந்து வரும் ஃபேஸ், நியூட்ரல் இரண்டும்தான் இருக்கும், கூடவே எர்த். லைட் அணைந்த பிறகும் டைமர் உயிரோடு இருக்க வேண்டுமே. ஆகவே அதற்கு ஸ்விட்சுக்கு முன்னால் உள்ள ஃபேஸும், ஒரு நியூட்ரலும் நிரந்தரமாக வேண்டும். மூன்றாவதாக, லைட் எரிகிறதா என்று டைமருக்குச் சொல்ல லைட் ஸ்விட்சின் அவுட்டிலிருந்து ஒரு சிக்னல் வயர். டைமரின் அவுட்டை ஃபேனின் பழைய ஸ்விட்ச் வழியாகவே ஃபேனுக்குக் கொடுங்கள். அந்த ஸ்விட்ச் எப்போதும் ஆனில் இருக்கும். ஃபேனைத் துடைக்கும்போது மட்டும் அணைக்கலாம்.

ஃபேஸ் ஸ்விட்ச் போர்டிலேயே கிடைக்கும். நியூட்ரல்தான் தகராறு. வெறும் ஸ்விட்ச் மட்டும் உள்ள போர்டில் அது இருக்காது. பக்கத்திலேயே, ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து அணைக்கும் கீசரின் டபுள் போல் ஸ்விட்சில் நியூட்ரல் கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருக்கும். பலர் அதிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். எடுக்காதீர்கள். கீசர் தனி சர்க்யூட். போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் ஒத்துப்போகாவிட்டால் சப்ளையை வெட்டும் ஆர்சிசிபி அதற்குத் தனியாக இருந்தால், அது ட்ரிப் ஆகலாம். இல்லாவிட்டாலும், நாளைக்கு வேறொருவர் கீசரின் எம்சிபியை (சர்க்யூட் பிரேக்கரை) இறக்கிவிட்டு அந்த நியூட்ரலைக் கழற்றினால், டைமர் வழியாக ஃபேஸ் வந்து கையில் அடிக்கும். லைட் பாயின்டிலிருந்து பைப்புக்குள் ஸ்பிரிங் விட்டு, நியூட்ரலுக்கு ஒரு கறுப்பு வயரை இழுத்துக்கொண்டு வாருங்கள். அரை மணி நேர வேலை, அவ்வளவுதான்.

இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் இன்னும் கவனம். லைட் இன்வெர்ட்டர் லைனிலும் ஃபேன் ஈபி லைனிலும் இருந்தால் இரண்டையும் ஒரு டைமரில் கலக்கக் கூடாது. ஃபேனையும் இன்வெர்ட்டர் லைனுக்கே மாற்றுங்கள். சின்ன ஃபேன்தான், பேட்டரி தாங்கும். மெயினை இறக்கிவிட்டோம் என்று போர்டைத் திறக்கவும் கூடாது. இன்வெர்ட்டர் அப்போதுதான் சப்ளை கொடுக்க ஆரம்பிக்கும். அதையும் அணைத்து, மல்டிமீட்டரில் பார்த்துவிட்டுக் கை வையுங்கள். இந்தப் பத்தியில் ஏதாவது புரியவில்லை என்றால் லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

இப்போது ஈரப்பதம் பார்க்கும் சென்சார். வீடியோ பார்த்துவிட்டு எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். 60 விழுக்காட்டைத் தாண்டினால் ஓடு, இறங்கினால் நில் என்பது அதன் கணக்கு. சென்னையில் ஐப்பசி, கார்த்திகை காலையில் வெளிக்காற்றே 80-க்கு மேல் போவது சாதாரணம். உள்ளே வரும் காற்றே 80 என்றால் ஃபேன் எத்தனை மணி நேரம் ஓடினாலும் 60-க்கு இறக்க முடியாது, ராப்பகலாக ஓடிக்கொண்டிருக்கும். அளவை 90-க்கு ஏற்றினால் வெந்நீர் ஆவிக்கு மட்டும் ஓடும். சித்திரையில் பச்சைத்தண்ணீர் குளியலுக்கு அசையாது. சென்சார்தான் வேண்டும் என்றால், நிலையான அளவைப் பார்க்காமல் ஈரம் சட்டென்று ஏறுவதைப் பார்க்கும் வகையை வாங்குங்கள். அதிகபட்சம் 30 நிமிடம் என்று கட்டாய நிறுத்தமும் இருக்கட்டும். கோயம்புத்தூர் வெயில் காலத்தில் சாதாரண வகையே ஓரளவு ஒத்துவரும். கடலோர ஊர்களுக்கு என் ஓட்டு டைமருக்குத்தான்.

ஆள் நடமாட்டம் பார்க்கும் சென்சார் ஷவர் திரைக்குப் பின்னால் நிற்பவரைப் பார்க்காது. அதிலும் லைட்டுக்கென்று வரும், இரண்டு வயர் மட்டும் உள்ள சென்சாரில் ஃபேனை மாட்டினால் மோட்டார் முனகும்.

வைஃபை ரிலே நல்லதுதான், ஸ்விட்ச் பெட்டிக்குள் அடங்கிவிடும். தானாக அணையும் நேரத்தை ரிலேக்குள்ளேயே பதிவு செய்யுங்கள். போன் ஆப்பில் மட்டும் வைத்தால் நெட் போன அன்று ஃபேன் நிற்காது. சுவர் ஸ்விட்சை இணைக்கும் முனையில் சில மாடல்கள் ஃபேஸை ஏற்கும், சிலவற்றில் கொடுத்தால் எரிந்துபோகும். கூட வரும் தாளைப் படித்துவிட்டு மாட்டுங்கள்.

பாத்ரூமுக்குள் கேஸ் கீசர் இருந்தால் மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டாம். ஃபேன் இழுக்கும் வேகத்தில் புகைக்குழாய் வழியாகக் கார்பன் மோனாக்சைடு உள்ளேயே திரும்பலாம். அதற்கு வாசனையும் கிடையாது. முதலில் கீசரை வெளியே மாற்றுங்கள்.

மாட்டி முடித்ததும் இரண்டு டிலேயையும் ஒரு நிமிடத்துக்குக் குறைத்து வைத்துச் சோதியுங்கள். லைட்டைப் போட்டு அரை நிமிடத்தில் அணைத்தால் ஃபேன் அசையக் கூடாது. ஒன்றரை நிமிடம் விட்டால் ஓட வேண்டும், லைட் அணைந்த பிறகும் ஒரு நிமிடம் ஓடி நிற்க வேண்டும். எல்லாம் சரியென்றால் 3-க்கும் 20-க்கும் திருப்பி, போர்டை மூடுங்கள்.