நூறு ரூபாய் பிரஷ்ஷுக்காக ஆர்மேச்சரை எரிக்காதீர்கள்: வீட்டுப் பட்டறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார் ஷெட்டின் ஓரத்தில் ஒரு மேஜை, சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட்ட ஸ்பேனர்கள், சலுகை விலையில் வாங்கிய ஒரு கிரைண்டர். இப்படி வீட்டிலேயே சிறு பட்டறை வைத்துக்கொள்ளும் இளைஞர்கள் எங்கள் பகுதியில் பெருகியிருக்கிறார்கள். தன் வண்டியைத் தானே பிரித்துப் பார்க்கத் துணிகிறவர்களைக் கண்டால் எனக்கு மனம் நிறைகிறது. ஆனால், பழுதான கருவியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் என்னிடம் வரும்போது வேதனையாகவும் இருக்கிறது. தொடக்கக் காலத்தில் நானும் என் நண்பர்களும் எங்கெங்கே பணத்தைத் தொலைத்தோமோ, அதே இடங்களில்தான் இவர்களும் தொலைக்கிறார்கள்.

கண்ணாடி அணியுங்கள், பிளக்கைப் பிடுங்கிவிட்டு வீலை மாற்றுங்கள் என்பதெல்லாம் பெட்டியோடு வரும் தாளிலேயே இருக்கிறது. அவற்றைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. மலிவுக் கருவி வாங்குவதில் வெட்கப்படவும் ஒன்றுமில்லை. நாள் முழுக்க ஓட்டும் வெல்டிங் பட்டறைக்காரருக்குத் தேவையான இயந்திரம், மாதம் ஓரிரு ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை பார்ப்பவருக்குத் தேவையில்லை. எதில் சிக்கனம் பிடிக்கலாம், எதில் பிடிக்கக் கூடாது என்று தெரிந்திருந்தால் போதும்.

நூற்றெட்டு சாமான் பெட்டி

முதல் சம்பளத்தின் ஒரு பகுதி பெரும்பாலும் இதில்தான் போகிறது. பெட்டியைத் திறந்தால் எல்லாம் வரிசையாகப் பளபளக்கும். எண்ணிப் பார்த்தால் பெரும்பகுதி சிறுசிறு திருப்புளி முனைகள். நம் ஊர் மோட்டார் சைக்கிளுக்கு 8, 10, 12, 14, 17 மி.மீ. அளவுகளும், ஒரு செட் ஆலன் கீயும், நல்ல குறடு ஒன்றும் இருந்தால் அன்றாடப் பராமரிப்பில் பெரும்பாலானவை முடிந்துவிடும். அந்த ஐந்து அளவுகளை மட்டும் தரமானதாகத் தனித்தனியே வாங்குங்கள். பாக்ஸ் ஸ்பேனர் என்றால், உள்ளே பன்னிரண்டு மூலை இருப்பதை விட்டு ஆறு மூலை இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். பன்னிரண்டு மூலை, நட்டின் விளிம்பைத்தான் பிடிக்கும். துருவேறிய நட்டில் வழுக்கி மூலையை மழித்துவிடும். ஆறு மூலையோ தட்டைப் பக்கத்தில் அழுத்துகிறது.

திருப்புளியிலும் ஒரு விஷயம் உண்டு. ஜப்பானிய வடிவமைப்பில் வந்த வண்டிகளின் கூட்டல்குறித் திருகுகள், நாம் சாதாரணமாக வாங்கும் பிலிப்ஸ் திருப்புளிக்கு முழுதாகப் பொருந்துவதில்லை. அவை ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பானியத் தர அளவில் ஆனவை. பல திருகுகளின் தலையில் ஒரு சிறு புள்ளி குத்தியிருக்கும். பிலிப்ஸ் முனை அதன் அடிவரை இறங்காமல் பாதியில் நின்று, திருகும்போது மேலே ஏறிக்கொள்ளும். திருகின் தலை போய்விடும். திருகு மட்டம் என்று எல்லோரும் பழிக்கிறார்கள். பொருந்தாத முனையை யாரும் சந்தேகிப்பதில்லை. ஜே.ஐ.எஸ். முனை ஒன்றும், சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவர் ஒன்றும் வைத்துக்கொண்டால், இன்ஜின் மூடியில் இறுகிப்போன திருகுகளைச் சேதமில்லாமல் எடுக்கலாம்.

நெருப்பு வளையத்தைக் கண்டும் ஓட்டுவது

இதை நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. எத்தனை பேரிடம் சொல்லியும் தீராத எரிச்சல் இது.

எங்கள் தெருவில் ஒரு தம்பி மாடிப்படிக்கு இரும்புக் கைப்பிடி செய்துகொண்டிருந்தான். அவனுடைய நான்கு அங்குல கிரைண்டரின் சத்தமே சரியில்லை. விட்டு விட்டு உறுமியது. அருகில் போய்ப் பார்த்தால், பின்பக்கக் காற்றுத் துளைகளுக்குள் ஆரஞ்சு நிறத்தில் நெருப்பு வளையமாகச் சுழன்றுகொண்டிருக்கிறது. "தம்பி, நிறுத்திவிடு" என்றேன். "இரும்பு வெட்டினால் பொறி வரும்தானே அண்ணே? இன்னும் இரண்டு குழாய்தான் பாக்கி" என்றான். வீலில் வரும் பொறி வேறு, மோட்டாருக்குள் வரும் பொறி வேறு என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கருகிய வார்னிஷ் வாடை வந்துவிட்டது.

பின்மூடியைக் கழற்றி அவனிடம் காட்டினேன். ஒரு பக்க கார்பன் பிரஷ் முழுவதுமாகத் தேய்ந்துபோய், அதன் பின்னால் இருந்த ஸ்பிரிங்கே, தண்டோடு சுழலும் செம்புப் பட்டை உருளையான கம்யூட்டேட்டரின் மீது உரசிக்கொண்டிருந்தது. செம்புப் பட்டைகளைச் சுற்றிலும் கருமை. நடுவில் நகத்தை வைத்தால் சிக்கும் அளவுக்கு ஒரு பள்ளம். இரண்டு பட்டைகளின் ஓரம் உருகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. மோட்டாருக்குள் சுழலும், கம்பி சுற்றிய பாகமான ஆர்மேச்சர் முடிந்தது.

நடந்தது இதுதான். கிரைண்டர், டிரில், மார்பிள் கட்டர் எல்லாவற்றிலும் சுழலும் ஆர்மேச்சருக்கு மின்சாரத்தைக் கொண்டு சேர்ப்பவை இரண்டு கார்பன் பிரஷ்கள். தேய்வதற்கென்றே செய்யப்பட்ட பாகம் அது. செம்பு தேயாமல் இருக்கத்தான் கார்பன் தேய்ந்து கொடுக்கிறது. கார்பன் குட்டையாகும்போது ஸ்பிரிங்கின் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் பிரஷ் குதிக்கும். ஒவ்வொரு குதிப்பிலும் ஒரு பொறி, ஒவ்வொரு பொறியும் செம்பில் ஒரு வடு. வடு விழுந்த செம்பின் மேல் பிரஷ் இன்னும் அதிகமாகக் குதிக்கிறது. தொடங்கிவிட்டால் நிமிடக் கணக்கில்தான் நேரம். சற்று விலை கூடிய இயந்திரங்களில், பிரஷ் தேய்ந்ததும் உள்ளிருக்கும் சிறு முள் வெளிவந்து, இயந்திரம் தானாக நின்றுவிடும் ஏற்பாடு உண்டு. மலிவு இயந்திரங்களில் பெரும்பாலும் அது கிடையாது. அந்த முள்ளின் வேலையை நாம்தான் செய்ய வேண்டும்.

ஒரு ஜோடி பிரஷ் பெரும்பாலும் நூறு ரூபாய்க்குள் கிடைத்துவிடும். ஆர்மேச்சர் அதைப் போலப் பல மடங்கு. சில மலிவு மாடல்களில் இயந்திரத்தின் விலையில் பாதியை நெருங்கிவிடும்.

என் எரிச்சலுக்குக் காரணம் முதல் ஆர்மேச்சர் அல்ல. அந்தத் தம்பி காயில் கட்டும் கடைக்குப் போய்ப் புது ஆர்மேச்சர் போட்டுக்கொண்டு வந்தான். ஸ்பிரிங் உரசிய பக்கத்துக்கு மட்டும் புது பிரஷ் போட்டு, மறுபக்கத்தில் 'இன்னும் கொஞ்சம் இருக்கிறது' என்று பழையதையே விட்டிருந்தார்கள். பின்பக்க பேரிங்கை யாரும் தொட்டே பார்க்கவில்லை. சில வாரங்களில் அதுவும் எரிந்தது. "மலிவு மெஷின் என்றால் இப்படித்தான் அண்ணே" என்று அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டான். கியர் நன்றாக இருந்தது, சுவிட்ச் நன்றாக இருந்தது, உடல் நன்றாக இருந்தது. 'மலிவு மெஷின் என்றால் இப்படித்தான்' என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லியே எத்தனை இயந்திரங்கள் எடைக்குப் போயிருக்கும்!

ஆகவே, புது இயந்திரம் வாங்கும் அன்றே, அதே கடையில், அதே மாடலுக்கான பிரஷ் ஒரு ஜோடி கேட்டு வாங்கிவிடுங்கள். பிரஷ் கிடைக்காத மாடல் என்றால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள். மலிவுக் கருவியைத் தேர்ந்தெடுக்க நான் வைத்திருக்கும் முதல் சோதனை இதுதான். வாட் அளவையும் பெட்டியின் பளபளப்பையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சென்னை என்றால் பாரிமுனையில் லிங்கிச் செட்டித் தெருப் பக்கம் ஒரு நடை போனால் எந்த மாடலுக்குப் பாகம் கிடைக்கிறது, எதற்குக் கிடைப்பதில்லை என்று கடைக்காரர்களே சொல்லிவிடுவார்கள்.

பிறகு, அவ்வப்போது பிரஷ்ஷை வெளியே எடுத்துப் பாருங்கள். டிரில்களில் பலவற்றுக்குப் பக்கவாட்டில் வட்ட மூடி இருக்கும். ஒரு தட்டைத் திருப்புளி போதும். சிறிய கிரைண்டர்களில் பின்மூடியைக் கழற்ற வேண்டியிருக்கும். புதிதில் இருந்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு வந்திருந்தால் மாற்றிவிடுங்கள். எப்போதும் ஜோடியாகத்தான். இன்னும் நாள் இருக்கிறது என்று பழையதையே திரும்பப் போடுவதானால், எந்தப் பக்கத்தில், எந்தத் திசையில் இருந்ததோ அப்படியே போட வேண்டும். அதன் முகம் கம்யூட்டேட்டரின் வளைவுக்குத் தக்கபடி தேய்ந்திருக்கிறது. திருப்பிப் போட்டால் ஓரம் மட்டுமே தொட்டுப் பொறி கக்கும். புது பிரஷ் போட்டதும் சுமை கொடுக்காமல் சில நிமிடங்கள் சும்மா ஓடவிடுங்கள், முகம் படிந்துகொள்ளும். மெல்லிய நீலப் பொறி இயல்பானது. ஆரஞ்சு வளையம் இயல்பானது அல்ல.

அளவு சரியாகக் கிடைக்காதபோது, சற்றுப் பெரிய பிரஷ்ஷை உப்புத்தாளில் தேய்த்துப் பொருத்தலாம். தடையில்லாமல் சறுக்கி, ஆட்டமில்லாமல் நிற்க வேண்டும். சிறியதை வைத்து ஓட்டக் கூடாது. கூட்டுக்குள் சாய்ந்து நடுங்கும். கம்யூட்டேட்டர் கறுத்திருந்தால் நுண்ணிய உப்புத்தாளால் மெதுவாகத் துடைக்கலாம். எமரித் தாள் வேண்டாம். அதன் துகள் பட்டைகளுக்கு நடுவில் தங்கிவிடும். துடைத்த பிறகு அந்த இடுக்குகளில் உள்ள செம்புத் தூளைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் எடுத்துவிடுங்கள்.

ஆர்மேச்சரையே மாற்ற வேண்டி வந்தால், அது ஏன் எரிந்தது என்று தெரியாமல் புதியதைப் போடாதீர்கள். பின்பக்க பேரிங்கை விரலால் சுற்றிப் பாருங்கள். கரகரத்தால் மாற்றுங்கள், பேரிங்கின் பக்கத்தில் 608 போன்ற எண் இருக்கும், அதைச் சொன்னால் எந்தக் கடையிலும் தருவார்கள். தண்டில் ஏற்றும்போது உள்வளையத்தில் மட்டும் அழுத்தம் கொடுக்க வேண்டும். வெளிவளையத்தில் தட்டினால் புது பேரிங் அங்கேயே பழுதாகும். ஆர்மேச்சரைச் சுற்றி அசையாமல் இருக்கும் ஃபீல்டு காயிலின் உள்தகடுகளில் ஓரிடம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால், ஆர்மேச்சர் அதில் உரசியிருக்கிறது, பேரிங் இருக்கை ஆடுகிறது என்று பொருள். மீட்டரை வைத்து இரண்டு ஃபீல்டு காயில்களின் மின்தடையையும் ஒப்பிடுங்கள். ஏறக்குறைய ஒன்றாக இல்லாவிட்டால் புது ஆர்மேச்சரும் நிலைக்காது.

வேலை முடிந்ததும் சட்டென்று நிறுத்தாமல் அரை நிமிடம் சும்மா ஓடவிடும் பழக்கமும் வேண்டும். மோட்டாரைக் குளிர்விக்கும் விசிறி அதே தண்டில்தான் இருக்கிறது. சூடேறிய மோட்டாரை உடனே நிறுத்தினால் விசிறியும் நின்று, சூடு உள்ளேயே அடங்கிவிடும்.

வீலின் காப்பு மூடியான கார்டைக் கழற்றாதீர்கள்

நான்கு அங்குல கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றுகிறது. ஏழு அங்குல வீல் தாங்குவது 8,500 அளவில்தான். கார்டைக் கழற்றிவிட்டுத் தேய்ந்த பெரிய வீலைப் பொருத்துகிறவர்களின் பட்டறையில் நான் நிற்பதில்லை. மரம் அறுக்கும் பல் பிளேடை அதில் மாட்டுகிறவர்களின் பட்டறையிலும் நிற்பதில்லை.

88 வோல்ட் பேட்டரி

இணையத்தில் மலிவாக வரும் பேட்டரி டிரில்களில் 48, 88 என்றெல்லாம் எண் போட்டிருக்கும். பேட்டரியைப் பிரித்துப் பார்த்தால் பல சமயம் உள்ளே ஐந்து லித்தியம் செல்கள்தான் தொடராக இருக்கும். ஒரு செல் 3.6 வோல்ட். ஐந்து சேர்ந்தால் 18. முழுதாக சார்ஜ் ஏறிய நிலையில் 21. அவ்வளவே. கூடுதல் எண்ணுக்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். செல் தளர்ந்துவிட்டால், எத்தனை ஆம்பியர் இழுப்பைத் தாங்கும் என்று பார்க்காமல் பழைய லேப்டாப் செல்லைப் பற்றவைக்காதீர்கள்; டிரில் இழுக்கும் மின்னோட்டத்தில் அது சூடாகித் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

அமெரிக்காவிலிருந்து மாமா கொண்டுவந்த டிரில்

அது 120 வோல்ட். நம் சுவரில் 230. டிரான்ஸ்பார்மர் இல்லாமல் சொருகாதீர்கள்.

டிரில் பிட்டைக் குறை சொல்வது

"பிட் மழுங்கிவிட்டது, டூப்ளிகேட் போலிருக்கிறது" என்பார்கள். பெரும்பாலும் வேகம்தான் காரணம். சாதாரண இரும்பில் 3 மி.மீ. ஹெச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) பிட் நிமிடத்துக்கு 2,600 சுற்றில் நன்றாக வெட்டும். 10 மி.மீ. பிட்டுக்கு 800 போதும். அதையும் 2,600இல் ஓட்டினால் முனை நீலம் பாய்ந்து மென்மையாகிவிடும். அப்புறம் எந்த பிட்டும் நிற்காது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு அதிலும் பாதி வேகம், விடாத அழுத்தம், சொட்டு எண்ணெய். வெட்டாமல் உரசவிட்டால் அந்த இடம் இறுகிக் கல்லாகிவிடும். ஆகவே, வாங்கும்போது வேகம் குறைக்கும் வசதி இல்லாத டிரில்லை விட்டுவிடுங்கள். அதற்காகக் கூடுதலாகச் சில நூறு ரூபாய் கொடுப்பது வீணல்ல.

ஜாக்கில் பிரேக் ஆயில்

ஊற்றவே கூடாது. ஹைட்ராலிக் ஜாக்கின் சீல்கள் கனிம எண்ணெய்க்காக ஆனவை. பிரேக் ஆயில் அவற்றை ஊறவைத்துக் கெடுத்துவிடும். ஜாக் இறங்குகிறது என்றால் ஹைட்ராலிக் ஆயில் ஊற்றி, உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றிப் பாருங்கள். அதற்கும் நிற்காவிட்டால் சீல் மாற்றுங்கள். சரியாக நிற்கிற ஜாக்கானாலும், ஸ்டாண்டு வைக்காமல் காருக்கு அடியில் போகாதீர்கள்.

புது வைஸ்

வேலைப் பொருளை இறுகப் பிடித்துக்கொள்ளும் வைஸில் மட்டும் பழையதே மேல். கோவை உக்கடம் போன்ற இடங்களில் பழைய இரும்புக் கடைகளில் தேடினால், புதிய மலிவு வைஸின் விலைக்கே கனமான பழைய பெஞ்ச் வைஸ் கிடைக்கும். புதுப் பெயின்ட் அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். வார்ப்பில் விரிசலை மறைக்கப் பெயின்டும் பட்டியும் போதும். சுத்தியலால் லேசாகத் தட்டினால் நல்ல வார்ப்பு கணீரென்று ஒலிக்கும், விரிசல் இருந்தால் மட்டமாகக் கேட்கும். திருகை முழுதாகத் திறந்து மூடிப் பாருங்கள். தாடைகள் தேய்ந்திருந்தால் கவலையில்லை, அவை மாற்றக்கூடியவை. உள்ளே நட்டின் மரை தேய்ந்திருந்தால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.