டிரஸ்டியை நீக்கச் சொல்லிக் கோர்ட்டுக்குப் போகுமுன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொது அறக்கட்டளையின் டிரஸ்டியை நீக்கக் கோரும் வழக்குகள் பல, அவர் யோக்கியமா இல்லையா என்ற கேள்விக்கே போகாமல் வாசலிலேயே விழுந்துவிடுகின்றன. ஊருக்கென்று எழுதிவைத்த சொத்து அந்த இடைவெளியில் கரைந்துபோகிறது என்பதுதான் வேதனை.

முதல் தவறு, தவறான கதவைத் தட்டுவது. டிரஸ்டியை நீக்கக் கோரி வழக்குத் தொடர வழிசெய்யும், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவு பொது அறக்கட்டளைகளுக்கு மட்டும்தான். குடும்பத்தாரின் நன்மைக்காக எழுதிய தனியார் டிரஸ்டுக்கு 1882ஆம் ஆண்டு இந்திய அறக்கட்டளைச் சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் இந்துக் கோயில் அறங்காவலர் என்றால் 1959ஆம் ஆண்டு அறநிலையத் துறைச் சட்டத்தின் 53ஆம் பிரிவு. வக்ஃபு சொத்தை நிர்வகிக்கும் முத்தவல்லி என்றால் வக்ஃபு வாரியம். அதனால் டிரஸ்ட் பத்திரத்தின் சான்றிட்ட நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்கிப் படித்துவிட்டு வக்கீலைப் பாருங்கள்.

அடுத்தது, அனுமதி வாங்காமல் வழக்குப் போடுவது. 92ஆம் பிரிவின்படி அரசுத் தலைமை வழக்கறிஞர் வழக்குத் தொடரலாம். இல்லையென்றால், அறக்கட்டளையில் அக்கறை உள்ள இரண்டு பேராவது சேர்ந்து, நீதிமன்றத்தின் அனுமதியோடு தொடர வேண்டும். தனி ஆளாகப் போனால் நிற்காது. வழக்கைப் போட்டுவிட்டு அனுமதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பும் வேண்டாம்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, சொந்தப் பகையை உள்ளே கொண்டுவருவது. “அடுத்த டிரஸ்டி நான்தான், என் உரிமையைப் பறித்துவிட்டார்” என்று மனுவில் எழுதினால், அது ஊருக்கான வழக்காக இருக்காது, உங்களுக்கான வழக்காகிவிடும். நீதிமன்றத்திடம் கேட்கும் பரிகாரங்கள் 92ஆம் பிரிவில் இருந்தால் மட்டும் போதாது, வழக்கு உண்மையில் யாருக்காக என்பதைப் பார்க்க வேண்டும் என்று 1974இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. டிரஸ்டியோடு மனத்தாங்கல் என்பதும் தனியே ஒரு காரணம் ஆகாது. பயனாளிகளின் நலன்தான் அளவுகோல் என்று, பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தின் உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் 1884இலேயே சொல்லிவிட்டது.

ஆகவே திட்டுவதைக் குறைத்து ஆவணங்களைச் சேருங்கள். வில்லங்கச் சான்று போட்டால், பதிவான விற்பனையும் குத்தகையும் யார் பெயருக்குப் போயின என்று தெரியும். கணக்குக் கேட்டு ஸ்பீடு போஸ்ட்டில் கடிதம் அனுப்பி, அது போய்ச் சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். கேட்டும் கணக்குக் காட்டாத டிரஸ்டி என்பதற்கு அது நல்ல சாட்சி.

கடைசியாக, நீக்கத்தை மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். தீர்ப்பு வந்த பிறகும் சாவியும் பாஸ்புக்கும் பழையவர் கையிலேயே இருக்கலாம். சொத்தை ஒப்படைக்கும் உத்தரவு, புதிய டிரஸ்டி நியமனம், கணக்கு விசாரணை, தேவைப்பட்டால் அறக்கட்டளையை இனி எப்படி நடத்துவது என்று நீதிமன்றம் வகுக்கும் நிர்வாகத் திட்டம், எல்லாவற்றையும் அதே மனுவில் கேளுங்கள். இதற்கிடையில் நிலம் கைமாறும் என்ற பயம் இருந்தால், தடையாணைக்கும், வழக்கு முடியும்வரை சொத்தைப் பார்த்துக்கொள்ள நீதிமன்றம் அமர்த்தும் ரிசீவர் நியமனத்துக்கும் இடைக்கால மனுக்களை வழக்கோடு சேர்த்தே தாக்கல் செய்யுங்கள்.