மெஷின் சொன்ன பவரும் பிள்ளையின் கண்ணும்: கிட்டப்பார்வையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் எங்கள் பரிசோதனை அறையில் பத்து வயதுப் பெண்குழந்தை ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். புதிதாகப் பயிற்சிக்கு வந்திருக்கும் மாணவி அவளுக்கு மைனஸ் லென்ஸ் ஒன்றை மாட்டி, "இப்ப நல்லாத் தெரியுதா பாப்பா?" என்றாள். "நல்லாத் தெரியுதுக்கா." இன்னொரு கால் பவர் கூட்டினாள். "இப்ப?" "இன்னும் நல்லாத் தெரியுது." மூன்று முறை கூட்டியும் குழந்தை படித்தது அதே வரியைத்தான். கீழே ஒரு எழுத்துகூட இறங்கவில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதையேதான் செய்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைப்பது, படுத்துக்கொண்டு படிப்பது மாதிரியான விஷயங்களை விட்டுவிடுகிறேன். அவை எல்லோருக்கும் தெரியும்.

சொட்டு மருந்து விடாமல் பிள்ளைக்குக் கண்ணாடி எழுதுவது

கிட்டப்பார்வைக்குப் பெரும்பாலும் காரணம் கண் நீளமாகிவிடுவதுதான். பிறக்கும்போது சுமார் 17 மி.மீ. இருக்கும் கண், வளர்ந்தபின் சுமார் 24 மி.மீ. ஆகிறது. தேவைக்கு மேல் 1 மி.மீ. நீண்டாலே மைனஸ் 2.5, 3 என்று பவர் வந்துவிடும். தூரத்துப் பொருளின் ஒளி விழித்திரைக்கு வந்து சேருமுன்பே குவிந்துவிடுவதால் கரும்பலகை மங்குகிறது.

ஆனால் நீளவே நீளாத கண்ணிலும் மைனஸ் பவர் தெரியும். பிள்ளைகளின் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இளக்கமானது, ஒரு நொடியில் உப்பிக் கிட்டத்துக்குக் குவிந்துவிடும். கம்ப்யூட்டர் டெஸ்ட்டில் தாடையை வைத்து உள்ளே பார்த்தால் நீண்ட சாலையின் முடிவில் ஒரு பலூன் தெரியுமே, அந்தப் படம் தூரத்தில் இருப்பதுபோல் காட்டிக் கண்ணைத் தளர்த்தத்தான். பிள்ளைக்கோ அது மூக்குக்கு முன்னால் இருக்கும் பெட்டி. கண் கிட்டத்துக்குக் குவிகிறது. மெஷின் அந்தக் குவிப்பையும் சேர்த்து மைனஸாக அச்சடித்துக் கொடுக்கிறது.

அப்புறம் நாம் லென்ஸ் மாட்டிக் கேட்கிறோம். மைனஸ் கூடக் கூட எழுத்து சின்னதாகி, கறுப்பாக, அழுத்தமாகத் தெரியும். பிள்ளை அதைத்தான் "நல்லா இருக்கு" என்கிறது. கேட்க வேண்டிய கேள்வி, "அடுத்த வரி படிக்க முடியுதா?" என்பதுதான். படிக்க முடியவில்லை என்றால், கூட்டிய கால் பவரை உடனே எடுத்துவிட வேண்டும்.

என்னிடம் வந்தது ஒன்பது வயதுப் பையன். முழுப்பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த நேரம். தூரம் மங்கலாகத் தெரிகிறது என்றான். மெஷினில் மைனஸ் 2. லென்ஸை மாட்டினேன், கடைசி வரிவரை கடகடவென்று படித்தான். எழுதிக் கொடுத்துவிட்டேன். மூன்று வாரத்தில் அவனுடைய அம்மா திரும்பி வந்தார். "சார், இதைப் போட்டதிலேர்ந்து தலைவலிங்கிறான். படிக்கும்போது கழட்டி வெச்சிடுறான்" என்று கண்ணாடியை மேசைமேல் வைத்தார்.

மூத்த மருத்துவர், குவிக்கும் தசையைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைக்கும் சைக்ளோபென்டோலேட் சொட்டு விடச் சொன்னார். ஒரு மணி நேரம் கழித்து, கண்ணுக்குள் ஒளி காட்டிப் பவர் பார்க்கும் ரெட்டினோஸ்கோப்பை என் கையிலேயே கொடுத்து, "நீங்களே பாருங்க" என்றார். இரண்டு கண்ணிலும் பிளஸ் 0.50. அந்தப் பையனுக்குக் கிட்டப்பார்வையே இல்லை. ஓயாமல் கிட்டத்தில் படித்ததில் குவிக்கும் தசை இறுகிப்போயிருந்தது, அவ்வளவுதான். நான் கொடுத்த மைனஸ் அவனைத் தூரத்துக்கும் சேர்த்துக் கண்ணைக் குவிக்க வைத்தது. பிளஸ் பவர், அதாவது தூரப்பார்வை, அதிகமாக ஒளிந்திருக்கும் பிள்ளையாக இருந்தால் கண் உள்பக்கம் திரும்பி மாறுகண்ணே தெரிய ஆரம்பித்திருக்கும். அந்த அம்மா கண்ணாடிக்கு எத்தனை நாள் கூலியைச் செலவழித்தார் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பேன்.

சொட்டு விடுவதிலும் ஒரு தவறு நடக்கிறது. கண்மணி விரிந்துவிட்டது, போதும் என்று பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள். விழித்திரையைப் பார்க்கக் கண்மணியை மட்டும் விரிக்கும் சொட்டு வேறு, குவிக்கும் தசையை நிறுத்தும் சொட்டு வேறு. நமக்கு வேண்டியது தசை நிற்பது. அதற்கு நேரம் கொடுங்கள். சொட்டின் வேகம் போனபிறகு இன்னொரு நாள் வரச்சொல்லி லென்ஸ் மாட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடி எழுதுங்கள்.

பெற்றோருக்கு: "நாளைக்குப் பரீட்சை, சொட்டு வேண்டாம்" என்றால் பரீட்சை முடிந்து வாருங்கள். கூச்சமும் மங்கலும் சுமார் ஒரு நாள் இருக்கும், சனிக்கிழமை வந்தால் பள்ளி கெடாது. ஆனால் சொட்டு விடாமலேயே பிள்ளைக்கு முதல் கண்ணாடியை வாங்கிவிடாதீர்கள்.

"கொஞ்சம் கம்மியா எழுதுங்க, பவர் ஏறாம இருக்கும்"

ஏறும். மலேசியாவில் பிள்ளைகள் சிலருக்கு முழுப் பவரும், சிலருக்கு முக்கால் டயாப்டர் (பவரை அளக்கும் அலகு) அளவுக்குக் குறைத்தும் கொடுத்து இரண்டு ஆண்டுகள் பார்த்தார்கள். 2002இல் வெளியான அந்த முடிவில், குறைத்துப் போட்டவர்களுக்குத்தான் பவர் கூடுதலாக ஏறியிருந்தது. கண்ணாடி போட்டதால்தான் பவர் ஏறியது என்பவர்களிடம் நான் கேட்பது: சட்டை சின்னதாகிவிட்டது என்றால், சட்டையா பிள்ளையை வளர்த்தது?

ஏறுகிற வேகத்தைக் குறைக்க வேறு வழிகள் உண்டு. குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு, ஓரப் பார்வைக்குத் தனி அமைப்புள்ள கண்ணாடி, இரவில் மட்டும் போடும் கெட்டியான கான்டாக்ட் லென்ஸ். அட்ரோபினை 0.01 சதவீதத்தில் சிங்கப்பூரிலும், 0.05 வரை ஹாங்காங்கிலும் பிள்ளைகளிடம் ஆராய்ந்திருக்கிறார்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் 1 சதவீத அட்ரோபின் அதே மருந்துதான், ஆனால் 0.01 சதவீதத்தைவிட நூறு மடங்கு கெட்டி. பெயரை மட்டும் சொல்லி வாங்கி விட்டுவிடாதீர்கள்.

கேரட், பொன்னாங்கண்ணி

சத்தான உணவு. நீண்ட கண்ணைக் குறைக்காது.

வெயில் என்று வீட்டுக்குள்ளேயே வைத்திருப்பது

சீனாவின் குவாங்சௌவில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளி நாட்களில் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள். மூன்று ஆண்டுகளில் அவர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. வெளியே விடாத பள்ளிகளில் சுமார் 40 சதவீதம். வெட்டவெளி வெளிச்சம்தான் முக்கியம், நிழலில் விளையாடினாலும் சரி. உச்சிவெயில் வேண்டியதில்லை.

பெரியவர்களுக்குத் திடீரென மைனஸ் மாறினால் கண்ணாடிக்கடைக்குப் போவது

முதலில் சர்க்கரையைப் பாருங்கள். சர்க்கரை தாறுமாறாக இருந்தால் பவரும் மாறும், அப்போது செய்த கண்ணாடி பிறகு ஆகாது. அறுபதைத் தாண்டியவர் கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்க ஆரம்பித்துவிட்டால், அது கண்புரையின் ஆரம்பமாக இருக்கலாம்.

கண்ணாடியைக் கழற்ற லேசர் செய்தாயிற்று, இனிக் கவலையில்லை என்பது

லேசர் கருவிழியின் வளைவைத்தான் மாற்றுகிறது. கண்ணின் நீளம் அப்படியேதான் இருக்கிறது, அதில் இழுபட்டு மெலிந்த விழித்திரையும் அப்படியே. மைனஸ் எட்டுக்கு லேசர் செய்துகொண்ட ஒருவர், கண் ஓரத்தில் மின்னல் அடித்ததையும் கரும்புள்ளிகள் கொட்டியதையும் தூசி என்று நினைத்து நான்கு நாள் தண்ணீரால் கழுவிக்கொண்டிருந்தார். எங்களிடம் வந்தபோது பார்வையின் கீழ்ப்பாதியில் திரை விழுந்திருந்தது. முதல் நாளே வந்திருந்தால் விழித்திரையில் விழுந்த கிழிசலைச் சுற்றி லேசர் வைத்தே நிறுத்தியிருக்க முடியும். இப்படி மின்னல் தெரிந்தால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். போனதும், "லேசர் செய்வதற்கு முன் எனக்கு மைனஸ் எட்டு இருந்தது" என்று முதலில் சொல்லுங்கள். இப்போதைய பவரை வைத்து அது அவருக்குத் தெரியாது.